நாற்பத்து மூன்றாம் இடத்துக்காரி

பக்கத்து இடத்துக்குப் புதிதாக வந்திருந்தவள், எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நின்றாள்.

மெர்வின் தொலைநோக்கியை இறக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கேரவனின் கழிவுக் குழாயைத் தரையிலிருந்த துளையில் மாட்டுவதற்காக அவள் திரும்பவும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். திருகினாள். எழுந்தாள். முட்டியில் கையை ஊன்றவில்லை. "அப்பாடா" என்று முனகவில்லை. தன் பாட்டுக்கு எழுந்து, தன் பாட்டுக்கு நடந்து போனாள்.

எங்கள் பாலோ சீகோ பார்க்கில் கேரவன் நிறுத்த இருநூற்றுப் பத்து இடங்கள். கனடாவிலும் வட மாநிலங்களிலும் பனி கொட்ட ஆரம்பித்ததும் கேரவனை ஓட்டிக்கொண்டு இந்த அரிசோனா பாலைவனத்துக்கு வந்து, மார்ச் முடியும்வரை வெயில் காய்கிற ஓய்வுபெற்ற கும்பல் நாங்கள். இங்கே குனிந்த யாரும் முனகாமல் நிமிர்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"ரோண்டா, இங்க வந்து இதைப் பாரு," என்று மெர்வின் மனைவியைக் கூப்பிட்டார்.

"கூரை மேல இருக்கேன். ஆண்டெனாவைத் திருப்பிட்டு வரேன்," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

இரண்டிரண்டு படியாக ஏணியில் இறங்கி வந்த ரோண்டா தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் அதை நழுவவிட்டாள். அது மெர்வின் கால் விரலில் விழுந்தது.

"உனக்கே தூக்கிப்போடுது பாரு," என்றார் மெர்வின் காலைத் தடவிக்கொண்டு. "என்ன வயசு மதிக்கலாம் அவளுக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் எங்க கண்டேன்?"

"ஐம்பது. அதுக்கு மேல ஒரு நாள் சொல்ல மாட்டேன்."

இந்த இடத்தில் மெர்வினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கனடாவின் சஸ்காட்சுவானில், எல்லைச் சாவடியில் முப்பத்தோரு வருஷம் சுங்க அதிகாரி. "டிக்கியில என்ன இருக்கு?" என்று கேட்டுக் கேட்டே நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பரிசுப் பொட்டலம் கொடுத்தால் முதலில் குலுக்கிப் பார்ப்பார். பொண்டாட்டியின் பாஸ்போர்ட்டை மட்டும் தொடமாட்டார். எல்லையைத் தாண்டும்போதுகூட அவளே எடுத்து நீட்டுவாள். "வீட்டிலுமா வேலை பார்ப்பது?" என்பார், பெருமையாக.

முதல் மனைவி போன பிறகு ஒன்பது வருஷம் தனியாகத் தகர டப்பா சூப்பைச் சுடவைத்துக் குடித்துக்கொண்டிருந்த மனுஷன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் இங்கே வியாழக்கிழமைக் கூட்டுச் சாப்பாட்டில் ரோண்டாவைப் பார்த்தார். அவள் தனியாக ஒரு சின்னக் கேரவனில் வந்து, குளிருக்கு ஒதுங்கியிருந்தாள். அடுத்த மாதமே கல்யாணம். பதிவு அலுவலகத்தில் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். படிவம் முழுக்க அவள்தான் நிரப்பினாள், இவர் கையெழுத்தை மட்டும் போட்டார். போன வருஷம் அவளுடைய அறுபதாவது பிறந்த நாளுக்குப் பார்க் முழுக்கக் கூப்பிட்டு, மேசை அகலத்துக்குக் கேக் வெட்டினார். அன்றைக்கு அவர் அழுததை நாங்கள் எல்லோருமே பார்த்தோம். யாரும் கிண்டல் செய்யவில்லை.

இந்தப் பார்க்கில் ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழே யாரும் தங்கக் கூடாது. பெயர் கொடுத்துவிட்டு நாலு வருஷம் காத்திருந்தால்தான் இடம் கிடைக்கும். வயதைப் பொய்யாகச் சொன்னது தெரிந்தால் ஒரே நாளில் வெளியே போக வேண்டும், திரும்ப வரவே முடியாது. அந்தக் கடைசி விதி மெர்வின் போட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால், யாரோ ஒருவருடைய நாற்பது வயதுப் பிள்ளை டிரம்ஸ் வாசித்தான் என்று கூட்டத்தில் எழுந்து நின்று, ஈவு இரக்கமே கூடாது என்று மேசையைத் தட்டிப் போடவைத்தார்.

புதுசாக வந்தவள் அன்று மாலையே ஆப்பிள் கேக்கோடு கதவைத் தட்டினாள்.

"நான் கோலெட். நாற்பத்து மூணாம் இடம். நீதான் மெர்வினா தம்பி?"

அறுபத்தெட்டு வயது ஆளைத் தம்பியாம். மெர்வினுக்கு மூக்கில் வேர்த்தது. ஐம்பது வயசுக்காரி அறுபத்தெட்டு வயசுக்காரனைத் தம்பி என்று ஏன் கூப்பிட வேண்டும்? தான் மூத்தவள் என்று காட்டத்தானே?

கோலெட் கேட்காமலே உட்கார்ந்தாள். கேரவனை ஒரு சுற்றுப் பார்த்தாள். எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"குறட்டை விடுவியா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். பாத்திரம் யார் கழுவறது?"

"மாத்தி மாத்திக் கழுவுவோம்."

"மதியம் இவங்க கூரை மேல நின்னதைப் பார்த்தேன். பொண்டாட்டியைக் கூரை ஏத்திவிட்டுட்டு நீ கீழ என்ன பண்ணிட்டிருந்தே?"

"பறவை பார்த்துட்டிருந்தேன்."

"பறவை," என்றாள் கோலெட்.

மெர்வின் விஷயத்துக்கு வந்தார். எல்லைச் சாவடியில் பழகிய தந்திரம்: ஊர்க்கதை பேசுகிற மாதிரி பேசி, நடுவில் ஊசியைச் சொருகுவது. "மனுஷன் நிலாவுல கால் வெச்ச அன்னைக்கு எங்க வீட்டுல தெருவே கூடிடுச்சு. நீங்க எங்கிருந்து பார்த்தீங்க?"

"நான் பார்க்கலையே. அன்னைக்கு ஐஸ் மேல இருந்தேன். ஸ்கேட்டிங் பயிற்சி. அப்புறம் நானே முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்தேன்."

இவள் அப்போது பிறக்கவே இல்லை என்று மெர்வின் மனதுக்குள் எழுதிக்கொண்டார்.

"ரோண்டாவுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" என்று கோலெட் கேட்டாள்.

"அம்மா ஒருத்தர் இருக்காங்க. நான் பார்த்ததில்லை. வயசாகி, கிழக்குக் கரையில எங்கேயோ முதியோர் இல்லத்துல இருக்காங்களாம். காது சுத்தமாக் கேக்காது, ஆளையும் அடையாளம் தெரியாதாம்."

"பாவம்," என்று கோலெட் ரோண்டாவைப் பார்த்தாள்.

ரோண்டா காப்பியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அவள் சர்க்கரை போட்டுக்கொள்கிற பழக்கமே இல்லை.

மறுநாள் காலையில் மெர்வின், பார்க் மேலாளர் ட்ரூடியின் அலுவலகத்தில் போய் நின்றார். ட்ரூடி நாய்களின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாற்பத்து மூணாம் இடத்துக்காரி. வயசுல ஏதோ கோளாறு இருக்கு."

"மெர்வின், எழுபதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

"எழுபதா? எழுபது வயசுல காலைத் தூக்கிக் கேரவன் கைப்பிடி மேல வெச்சு இழுத்துக்கிட்டு நிக்குது. நானே பார்த்தேன்."

"நீங்க ஏன் அதையெல்லாம் பார்க்கறீங்க?" ட்ரூடி பேனாவை வைத்தாள். "இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒரு பொம்பளை வயசைக் கூட்டிச் சொல்லி நான் பார்த்ததில்லை."

"நாலு வருஷம் காத்திருக்கிற இடம். கூட்டித்தான் சொல்லுவாங்க."

"அப்ப ஒண்ணு கேளுங்க. ஒருத்தரை மட்டும் தனியாக் கூப்பிட்டு வயசைக் காட்டுன்னு நான் கேட்க முடியாது. வழக்குப் போட்டுடுவாங்க. கேட்டா எல்லாரையும் கேட்கணும். கேட்கட்டுமா?"

வேறு யாராவது என்றால் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்திருப்பார்கள்.

"கேளுங்க," என்றார் மெர்வின்.

மதியத்துக்குள் துணி துவைக்கிற அறை, தபால் பெட்டி, கூட்டக் கொட்டகை எல்லா இடத்திலும் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ கொண்டுவந்து வயதைக் காட்ட வேண்டும். கீழே பெரிய எழுத்தில்: நாற்பத்திரண்டாம் இடத்து மெர்வின் அவர்களின் வேண்டுகோளின்படி. இதுவரை இருபது புகார் கொடுத்த அந்த ஆள்மேல் ட்ரூடிக்கும் தீர்க்க வேண்டிய பாக்கி இருந்தது.

எங்கள் பார்க்கில் நாலு மணியானால் அவரவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாகப் போட்டு உட்காருவோம். அன்றைக்கு மெர்வின் நாற்காலியோடு வந்தபோது வட்டத்தில் இடைவெளி இல்லை. ஒவ்வொருவரும் ஒரு அங்குலம் நகர்ந்தால் போதும், இடம் வந்துவிடும். யாரும் நகரவில்லை. வட்டத்துக்கு வெளியே, எங்கள் முதுகுகளைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்தார்.

ஹார்லன் மட்டும் திரும்பிப் பார்த்தார். எண்பத்து நாலு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இப்போது கொட்டகையில் நாள் முழுக்க ஆயிரம் துண்டுப் படப்புதிரை வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துத் துண்டுகளை எண்ணுவதுதான் வேலை.

"எனக்கு ஒரு பல்லு இல்லை மெர்வின். ரெண்டு இடுப்பும் இரும்பு. என்கிட்டயும் வயசுக்குச் சான்று வேணுமாம். ரொம்ப நாளைக்கப்புறம் என்னை யாரோ சின்னப்பையன்னு சந்தேகப்பட்டிருக்காங்க. ரொம்ப நன்றிப்பா."

வட்டம் சிரித்தது. மெர்வின் சிரிக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. கூட்டுச் சாப்பாட்டுக்கு மெர்வின் எப்போதும் செய்கிற வெல்லப்பாகு போட்ட பீன்ஸைக் கொண்டுபோய் வைத்தார். எப்போதும் முதலில் காலியாகிற சட்டி அது. அன்று வைத்தது வைத்தபடி இருந்தது. கரண்டியில்கூட ஒட்டவில்லை. இந்தப் பார்க்கில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அதைச் சுமந்துகொண்டு திரும்பி நடந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

கோபம் தன் மேல் ஏன் என்று யோசித்தார் மெர்வின். எதற்காக இந்தச் சோதனை என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை, அதனால்தான். தெரிந்தால் தன் பக்கம் வந்துவிடுவார்கள். ஆகவே சட்டியை இறக்கி வைத்த கையோடு, கேரவன் கேரவனாகப் போய்ச் சொன்னார்: எல்லாம் அந்த நாற்பத்து மூணாம் நம்பரால்தான், அவளைப் பிடிக்கத்தான் வலை.

வந்த மூன்றே நாளில் கோலெட் காலை ஆறரைக்கு உடற்பயிற்சி வகுப்பு ஆரம்பித்திருந்தாள் என்பதும், முப்பது பெண்களுக்கு முட்டிவலி குறைந்திருந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. நாலாவது கேரவனில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது ரோண்டா வாசலில் நின்றாள்.

"மெர்வின், நாளைக்கு மெக்சிகோ போயிட்டு வரலாம். உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிடலாம்."

"என் பல்லு நல்லாத்தானே இருக்கு?"

"இப்ப நல்லாத்தான் இருக்கும். அப்புறம் வலி வந்தா? எல்லையைத் தாண்டினா அங்க மலிவாவும் சீக்கிரமாவும் முடிச்சிடுவாங்க. காலையில எட்டு மணிக்கே கிளம்பிடலாம்."

"பத்து மணிக்குச் சோதனை இருக்கே?"

"அது ஒரு பெரிய விஷயமா?" ரோண்டா அவர் சட்டைப் பொத்தானைத் திருகினாள். "யாரோ இங்கேயே இருக்கணும்னு ஆசைப்பட்டு நாலஞ்சு வயசைக் கூட்டிச் சொல்லியிருந்தா, அதனால யாருக்கு நஷ்டம் சொல்லு? கொலையா பண்ணிட்டாங்க?"

மெர்வின் அவளை உற்றுப் பார்த்தார். "நீ எதுக்கு அவளுக்குப் பரிஞ்சு பேசற?"

"நான் யாருக்கும் பரிஞ்சு பேசலை," என்று சொல்லிவிட்டு அவள் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். போகிற வேகத்தில் அழுக்குத் துணியை விட்டுவிட்டு, துவைத்த துணியைக் கொண்டுபோனாள்.

முப்பத்தோரு வருஷ அனுபவம் சும்மா இருக்குமா? அழுக்குச் சாக்ஸ் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு மெர்வின் பின்னாலேயே போனார். துணி உலர்த்துகிற இயந்திரங்களுக்குப் பின்னால் நின்றார். உள்ளே ரோண்டாவும் கோலெட்டும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீ சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்றாள் கோலெட்.

"சொன்னா ஒரே நாள்ல வெளியே. அந்த விதியை எழுதினதே அவர்தான்."

"எத்தனை நாளைக்கு இப்படி மூடி மறைப்பே? பேசாம என்கூடக் கிளம்பி வந்துடு."

ரோண்டா மடித்த துணியையே மறுபடியும் மடித்தாள். கோலெட் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

பொய் வயது சொன்ன கோலெட் தன் ரகசியத்தை ரோண்டாவிடம் சொல்லியிருக்கிறாள், அது மெர்வினுக்குத் தெளிவு. ஆனால் "என்கூட வந்துடு" என்றால்? மாட்டிக்கொள்வதற்குள் ரோண்டாவையும் கிளப்பிக்கொண்டு போகத் திட்டமா? ஒன்பது வருஷத் தகர டப்பா சூப் அவர் நாக்கில் திரும்ப வந்தது. மறுபடியும் தனியாக, ஒரு தட்டு, ஒரு கரண்டி. அதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஊரே பீன்ஸைத் தொடாமல் போகட்டும். ரோண்டா போகக் கூடாது. அதற்கு ஒரே வழி, கோலெட்டை நாளைக் காலையில் எல்லோர் முன்னாலும் கையும் களவுமாகப் பிடித்து, விதிப்படி ஒரே நாளில் வெளியேற்றுவதுதான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொட்டகையில் திருவிழாக் கூட்டம். ட்ரூடி மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், யாரும் கூப்பிடாமலே, மெர்வின். கையில் பழைய பூதக்கண்ணாடி. தலையில் சுங்க இலாகாத் தொப்பி. அதை இங்கே ஏன் கொண்டுவந்தார் என்று கேட்கக் கூடாது.

வரிசை நகர்ந்தது. தொண்ணூற்றோரு வயதுக் கிழவர் ஒருவர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, "அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணுமா?" என்று கேட்டார். மெர்வின் தலையைக் குனிந்துகொண்டார்.

ரோண்டா வயிற்றுவலி என்று படுத்திருந்தவள், கடைசியில் கோலெட் கையைப் பிடித்து இழுத்துவர, உள்ளே வந்தாள். ஹார்லன் அவர்களுக்குப் பின்னால் நின்றார்.

கோலெட் தன் பாஸ்போர்ட்டை நீட்டினாள். ட்ரூடி பிரித்துப் பார்த்தாள்.

"எழுபது முடிஞ்சு நாலு மாசம்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "போதுமா மெர்வின்?"

முப்பது பெண்கள் கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

மெர்வின் பாஸ்போர்ட்டை வாங்கினார். அட்டையை வளைத்தார். படத்தைத் தடவினார். முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். அசல். சந்தேகத்துக்கு இடமே இல்லாத அசல்.

"மன்னிப்புக் கேளு மெர்வின்," என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மதியத்துக்குள் எல்லாம் சரியாகியிருக்கும், அடுத்த வியாழக்கிழமை பீன்ஸும் காலியாகியிருக்கும். வாயைக்கூடத் திறந்துவிட்டார். அதற்குள் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. கோலெட்டின் கை பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்க நீண்டிருந்தது. ரொம்ப அவசரமாக நீண்டிருந்தது.

"பொறுங்க. இன்னொரு பக்கம் இருக்கு," என்றார் மெர்வின். "விபத்து நடந்தா யாருக்குச் சொல்லணும்னு சொந்தக் கையால எழுதற பக்கம். படம் பொய் சொல்லும், முத்திரை பொய் சொல்லும். அந்தப் பக்கத்துல யாரும் பொய் எழுதறதில்லை. இவங்க யாரு, யார் அனுப்பி இங்க வந்தாங்கன்னு அதுல தெரிஞ்சிடும்."

"அது வேண்டாம் தம்பி," என்றாள் கோலெட். முதன்முறையாக அவள் குரல் இறங்கியிருந்தது. "சொன்னாக் கேளு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மெர்வின், என்னைப் பாரு," என்றாள் ரோண்டா. "அதைத் திறக்காதே. வீட்டுக்குப் போய் நான் எல்லாத்தையும் சொல்றேன். கெஞ்சிக் கேக்கறேன்."

டிக்கியைத் திறக்காதே என்று யாராவது கெஞ்சினால் முப்பத்தோரு வருஷமாக அவர் செய்தது ஒன்றுதான். திறந்தார். சின்னச் சின்னக் கையெழுத்து. பூதக்கண்ணாடியை மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுபோனார், ஒன்றும் பிடிபடவில்லை. பொடி எழுத்தை எல்லாம் எப்போதும் படித்துக் காட்டுகிற ரோண்டாவோ அசையாமல் நின்றாள்.

"ஹார்லன், உங்களுக்குத்தான் புதுசாக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கே. சத்தமாப் படிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

ஹார்லன் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "தெரிவிக்க வேண்டியவர், ரோண்டா. முகவரி, பாலோ சீகோ பார்க், நாற்பத்திரண்டாம் இடம். உறவு, மகள்."

ரோண்டா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். ட்ரூடி, வேறு வழியில்லாமல், வெளியேற்றுகிற படிவத்தை மேசை இழுப்பறையிலிருந்து மெதுவாக எடுத்து வைத்தாள். மெர்வின் தொப்பியைக் கழற்றினார்.

ஹார்லனின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, புதிர்த் துண்டுகளை எண்ணும்போது அசைகிற மாதிரி. எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கோலெட்டுக்கு எழுபது, ரோண்டாவுக்கு நாம போன வருஷம் அறுபதுக்குக் கேக் வெட்டினோம், அப்ப இப்ப அறுபத்தொண்ணு. ஏம்ப்பா மெர்வின், உன் மாமியார் ஒன்பது வயசுலயா உன் பொண்டாட்டியைப் பெத்தாங்க?"